பக்கத்துப் பொத்தான்

முதல் ரவுண்டுக்கு மணியை அடித்து, ஸ்டாப்வாட்ச்சின் தலைப் பொத்தானை அழுத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்தபோது அருளப்பனுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. சாப்பிட்டது சேராமல் இல்லை. மத்தியானம் சம்சாரம் ரெஜினா போட்ட ரசமும் சுட்ட அப்பளமும் யாரையும் ஒன்றும் செய்யாது. மைக் பிடித்துக்கொண்டு ரிங்கைச் சுற்றிச் சுற்றி வந்தானே ஒரு பயல், சசியாம் பேர், யூடியூபில் சேனல் வைத்திருக்கிறானாம், அவன் கேட்ட கேள்விதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு எரித்தது. நம்ம பொன்மலைப் பையன் நெல்சன், வெளிநாட்டில் போய் லைட் ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் தங்கம் அடித்துக்கொண்டு வந்திருக்கிற நெல்சன், அந்தக் காலத்து லைட் ஹெவிவெயிட் ஆளுங்களோட மோதியிருந்தா யாருங்க ஜெயிச்சிருப்பா? சத்தமா சொல்லுங்க! அதோடு விட்டானா, மூன்று பெயரையும் அவனே சொன்னான். ஒர்க்‌ஷாப் பீட்டர். மாடு கணேசன். சிங்காரம். அருளப்பன் என்ற பெயரை அவன் சொல்லவில்லை. கூட்டத்தில் பெருசுகள் எல்லாம் சிங்காரம் சிங்காரம் என்று கத்தினார்கள், பொடிசுகள் நெல்சன் நெல்சன் என்று கத்தினார்கள், அருளப்பன் என்று கத்த ஒரு நாதி இல்லை. அந்த மைக்குக்கும் இவருக்கும் நடுவே கை நீட்டினால் தொடுகிற தூரம்தான். நானும் எண்பத்தோரு கிலோதான்டா, நானும் அதே தராசில் ஏறி நின்றவன்தான்டா என்று சொல்ல வாய் வந்தது, ஆனால் டைம்கீப்பர் பேசக் கூடாது, மணி அடிக்கிறவனுக்கு மணிதான் வாய். அப்புறம் சிங்காரத்தின் சம்சாரம் லலிதாவை மேலே கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். சிங்காரம் போன வருஷம் போய்ச்சேர்ந்துவிட்டான். போய்ச்சேர்ந்தும் அவனுக்குப் பொன்னாடை, உயிரோடு உட்கார்ந்திருக்கிற இவருக்கு பிளாஸ்டிக் டம்ளரில் டீ, அதுவும் ஆறிப்போனது. காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே ரெஜினா சொல்லித்தான் அனுப்பினாள், "உங்க பேரச் சொல்லலன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதீங்க, கூட்டத்துல பாத்தா நல்லாருக்காது." அவளுக்கு எப்படித்தான் எல்லாம் முன்கூட்டியே தெரிகிறதோ. இவர் முகத்தைக் கஷ்டப்பட்டு சாதாரணமாக வைத்துக்கொண்டார்.

ரிங்கில் நெல்சன் ஆடிக்கொண்டிருந்தான். ஆடுகிறான் என்றுதான் சொல்ல வேண்டும், குத்துகிறான் என்று சொல்ல மனசு வரவில்லை. காலில் வெள்ளை ஷூ, அதன் விலையில் அந்தக் காலத்தில் ஒரு தங்கச்சியைக் கட்டிக் கொடுத்திருக்கலாம். அருளப்பன் கேன்வாஸ் ஷூவில் குத்தினவர், அடியில் ஓட்டை விழுந்தால் உள்ளே அட்டை வெட்டி வைத்துக்கொள்வார். இவனுக்குக் கை கட்டிவிட ஒரு ஆள், கால் நீவிவிட ஒரு ஆள், எதைத் தின்ன வேண்டும் என்று சொல்ல ஒரு பொம்பளை டாக்டர். போட்டி தொடங்குமுன் மேசைப் பக்கம் வந்து கும்பிட்டுவிட்டு, "சார், டைம் கீப்பருங்களா? ரவுண்ட சீக்கிரம் முடிச்சு விடுங்க சார், கீழ பிரியாணி ஆறுது" என்று சிரித்தான். நல்ல பல். ஒரு பல்கூட ஆடவில்லை. நல்ல பிள்ளைதான், மரியாதை தெரிந்த பிள்ளைதான், அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. இந்த ஆள் யாரென்றே தெரியாமல் கும்பிட்டிருக்கிறான். அவனுக்கு எதிரே முபாரக், பாலக்கரையில் டூவீலர் மெக்கானிக், நம்ம கிளப்பில் இத்தனை வருஷமாகக் குத்திக்கொண்டிருப்பவன், மாவட்டத்தைத் தாண்டாதவன். கண்காட்சிப் போட்டிதான், ஜெயிக்க வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. ஆனால் ஏறுவதற்கு முன்னால் அவன் இவரிடம் சொன்னான், "மூணு ரவுண்டும் கால்ல நின்னுட்டா போதும் மாஸ்டர். பொண்ணு வந்திருக்கு, முன்னாடி பெஞ்சுல. வாப்பா விழ மாட்டேன்னு சொல்லிக் கூட்டியாந்திருக்கேன்." சரி, நின்றுகொண்டுதான் இருக்கிறான், கையை உயர்த்தி, தாடையை உள்ளே வாங்கி, கேட்டைப் பூட்டிக்கொண்டு நிற்கிற வீட்டுக்காரன் மாதிரி. சரி, மனசுக்குள்ளேயே பீட்டரை விடுவோம் நெல்சன்மேல். ஒர்க்‌ஷாப் பீட்டர், ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர், ஆறடிக்கு மேல், இடது கை அவருக்கு முழங்கால்வரை தொங்கும். அந்த இடது கையை நீட்டி நீட்டியே பாதிப் பேரை முடித்துவிடுவார், வலது கையை சாயங்காலம் கிளாஸ் பிடிக்க மட்டும்தான் வைத்திருக்கிறார் என்று கேலி பண்ணுவார்கள். பீட்டர் நீட்டுகிறார். நெல்சன் தலையை இந்தப் பக்கம் ஒரு இஞ்சு நகர்த்துகிறான். மறுபடி நீட்டுகிறார், அந்தப் பக்கம் ஒரு இஞ்சு. அடேயப்பா, அதற்குள் உள்ளே நுழைந்து விலாவில் ரெண்டு. பீட்டருக்கு விலா ஆகாது, ரம் குடித்த விலா. ரெண்டாவது ரவுண்டில் உட்கார்ந்துவிடுவார். சந்தோஷமாகத்தான் இருந்தது, ஏனென்றால் பீட்டர் ஒருதரம் அருளப்பனைப் பார்த்து நீ போய் கேரம் ஆடு மேன் என்று சொன்னவர். அடுத்து மாடு கணேசன். கணேசனுக்குத் தடுக்கத் தெரியாது, வாங்கிக்கொண்டே முன்னால் வருவான், குத்தினவன் கைதான் வலிக்கும். ஆனால் நெல்சன் அங்கே இருக்க வேண்டுமே வாங்குவதற்கு. கணேசன் முட்டப் போகிற இடத்தில் நெல்சன் இல்லை, திரும்பினால் அங்கேயும் இல்லை, மூணு ரவுண்டும் கணேசன் காற்றை மிதித்துக்கொண்டு சுற்றுவான், பாயிண்டில் போய்விடும். இதுவும் அருளப்பனுக்கு ஒத்துக்கொள்ளக் கூடியதாகத்தான் இருந்தது. முள் மூணு நிமிஷத்தை நெருங்கியது, மரக்கட்டையால் மேசையில் பத்து செகண்ட் எச்சரிக்கை தட்டினார், சரியான நேரத்தில் மணியை அடித்தார். டைம்கீப்பராக உட்கார்ந்த நாளிலிருந்து ஒரு செகண்ட் பிசகினது கிடையாது, அதை எவன் வேண்டுமானாலும் வந்து கேட்கட்டும்.

முபாரக் மூலைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான், இவர் தலைக்கு மேலே. வாயில் தண்ணீரை வாங்கி பக்கெட்டில் துப்பிவிட்டு, கயிற்றுக்கு வெளியே எட்டிப் பார்த்தான். "மாஸ்டர், ஒண்ணு முடிஞ்சிருச்சு." பேசக் கூடாது என்பதால் இவர் தலையை மட்டும் ஆட்டினார். முன்பெஞ்சில் ரெட்டைச் சடை போட்ட அவன் மகள் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் லலிதா மடியில் பொன்னாடையை மடித்து வைத்திருந்தாள்.

ரெண்டாவது ரவுண்டு. மணி, தலைப் பொத்தான், முள் ஓடத் தொடங்கியது. இப்போது ரிங்குக்குள் என்னை விடுவோம் என்று அருளப்பன் நினைத்தார், எத்தனை நேரம்தான் அடுத்தவனையே ஏற்றிவிட்டுக்கொண்டிருப்பது. கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். போனால், அடச்சீ, இன்றைய உடம்போடு போய் நிற்கிறார், டவுசருக்கு மேலே தொப்பை, வலது முழங்காலில் ரெஜினா கட்டிவிட்ட பச்சைக் கட்டு. இறங்கு, இறங்கு, போய் அந்த உடம்பை எடுத்துக்கொண்டு வா. எங்கே வைத்தார் அதை? இருபத்தைந்து வயசு, காலையில் ரயில்வே லைன் ஓரமாகவே மஞ்சத்திடல்வரை ஓடித் திரும்புகிற உடம்பு, எடை போடுகிற நாளில் புளியங்கொட்டையை வாயில் அடக்கி எச்சிலைத் துப்பித் துப்பி அரைக் கிலோ இறக்குகிற உடம்பு. வந்தது, ஒருவழியாக வந்தது. நெல்சன் எதிரே நின்றான். அருளப்பன் இடது கையை விட்டார், அவன் இல்லை. வலது கையை விட்டார், அவன் இல்லை. டொக் என்று மூக்கில் ஒன்று. இது நம்ம கற்பனைதானே, யார் கேட்கப்போகிறார்கள், ஒரே ஒரு குத்தாவது விழட்டுமே என்று பார்த்தால் விழ மாட்டேன் என்கிறது. இத்தனை வருஷம் ரிங்குக்குக் கீழே உட்கார்ந்து பார்த்துப் பார்த்து கண் பழகிவிட்டது, கண் பொய் சொல்ல விடவில்லை. சொந்த மண்டைக்குள்ளேயே தோற்றுக்கொண்டிருக்கிறான் பாரு மனுஷன். அவமானமாக இருந்தது, இறங்கிவிட்டார். மிச்சம் ஒருத்தன்தான். அவனை ஏற்ற மனசே இல்லை. சிங்காரத்தை ஏற்றி, நெல்சன் அவனை அடித்துவிட்டால், அந்தச் சிங்காரத்திடம் தோற்ற அருளப்பன் எங்கே போய் நிற்பது, ரெண்டு படி கீழே. சரி, சிங்காரம் நெல்சனை அடித்துவிட்டால்? அதைவிடக் கொடுமை, செத்தும் ஜெயிக்கிறானே என்று ஆகிவிடும், பொன்னாடைக்கு மேல் பொன்னாடை. ரெண்டு பக்கமும் எரிகிறது. சிங்காரம் எங்கே பார்த்தாலும் தோளில் தட்டி, என்னடா அருளு, நல்லாருக்கியா என்பான். அந்த மாநில இறுதிப் போட்டியில், மூணாவது ரவுண்டில், உன் லெஃப்ட் ஹூக் என் தாடையில் விழுந்தபோது நேரம் தாண்டிப்போயிருந்தது, உனக்கும் தெரியும்தானே என்று ஒருநாள் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தார், கேட்கவேயில்லை, அவன் கேட்கவிடாமல் போய்விட்டான். உடம்புக்குத் தெரியும் மூணு நிமிஷம் எவ்வளவென்று. குத்துகிறவன் உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது, முடிஞ்சுது, கையை இறக்கு என்று அது சொல்லும். அது சொன்னது, இவர் கையை இறக்கினார், மணி அடிக்கவில்லை, ஹூக் வந்தது. பாயிண்டில் முன்னால் இருந்தவர் இவர். பலகையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தபோது கண்ணுக்கு நேரே டைம்கீப்பர் மேசை. பிச்சைமுத்து மாஸ்டர். அவர் வாயைப் பிளந்து ரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார், திடுக்கென்று கையிலிருந்த வாட்ச்சைப் பார்த்தார், பிறகு கட்டை விரலால் பக்கத்துப் பொத்தானைத் தட்டினார். பக்கத்துப் பொத்தானைத் தட்டினால் முள் ஓடிப்போய் பூஜ்யத்தில் நின்றுகொள்ளும், அப்புறம் எந்தக் கொம்பன் வந்து பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. இவருடைய கோச் ஓடிப்போய்ச் சண்டை போட்டார். "டைம் கரெக்ட்டுதாங்க" என்று பிச்சைமுத்து மாஸ்டர் சொன்னார். எட்டு எண்ணும்போது ஒரு முழங்கால் எழுந்தது, பத்து எண்ணின பிறகுதான் மறு முழங்கால் எழுந்தது. அவ்வளவுதான். அந்தப் பொத்தானை இவர் ஒருத்தர்தான் பார்த்தார். டீக்கடையில் சொன்னால், விழுந்தவன் எல்லாம் மணியைத்தான்டா குத்தம் சொல்றான் என்று சிரித்தார்கள். ரெஜினாகூட, "அந்த மணிக் கதைய விட்டுத்தொலைங்களேன், கேட்டுக் கேட்டு எனக்கே காது ரெண்டும் மணி அடிக்குது" என்றாள். அதற்காகத்தான் இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். இன்னொருத்தனுக்கு அப்படி நடக்கக் கூடாது என்று ஊருக்குச் சொல்லிக்கொள்வார், உண்மையில் பிச்சைமுத்து வேண்டுமென்றே செய்தான் என்று காட்டத்தான், ஒழுங்காக உட்கார்ந்தால் மணி தப்பாது என்று காட்டத்தான். சரி, வாடா சிங்காரம், நீயே வா. வந்துவிட்டான். கூப்பிடுவதற்கே காத்திருந்தவன் மாதிரி கயிற்றுக்குள் குனிந்து வந்தான், அதே கருத்த முதுகு, அதே தாழ்ந்த இடது கை, காட்டவே மாட்டான் அதை, தொடைப் பக்கம் தொங்கப் போட்டிருப்பான். நெல்சன் இஞ்சு இஞ்சாக நகர்ந்தான். சிங்காரம் நகரவில்லை. அவன் எவனையும் துரத்தினதே கிடையாது, வருகிற வழியில் போய் நின்றுகொள்வான். நெல்சன் இடது பக்கம் போனான், சிங்காரத்தின் கால் அங்கே இருந்தது. வலது பக்கம் போனான், அங்கேயும் இருந்தது. ஆகா, ஆகா, பையன் முழிக்கிறான் பாரு! அருளப்பன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். பாவி, எத்தனை அழகாக நிற்கிறான், என்னை அடிக்கும்போது இதைப் பார்க்க எனக்கு நேரம் இருந்ததா. அவனிடம் தோற்றது அப்படி ஒன்றும் கேவலம் இல்லை என்று ஒரு நினைப்பு வந்தது, ச்சீ போ என்று துரத்தினார், போகவில்லை. உள்ளே விடு, அவனை உள்ளே விடு, இப்போ தோளைச் சாய், அந்தத் தோள்தான், எனக்குத் தெரியும் அந்தத் தோள், இதோ வருகிறது, விடுறா சிங்காரம், விடு, விடு!

தொம்மென்று பலகை அதிர்ந்தது. மேசையில் இருந்த டீ டம்ளர் கவிழ்ந்தது. சிங்காரம் இல்லை. நெல்சன் நின்றுகொண்டிருந்தான், இடது கை இன்னும் முழுசாகத் திரும்பி வரவில்லை. முபாரக் படுத்திருந்தான், கன்னம் பலகையில், முகம் மேசையைப் பார்த்து.

அருளப்பன் வாட்ச்சைப் பார்த்தார். மூணு நிமிஷத்தைத் தாண்டி முள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, மேலே இருபது செகண்ட், இருபத்தொண்ணு, இருபத்திரண்டு. தலைப் பொத்தானை அழுத்தினார், முள் நின்றது. கட்டை தட்டவில்லை, மணி அடிக்கவில்லை. ஐயோ. கர்த்தரே. கூட்டம் ஓவென்று கத்திக்கொண்டிருந்தது, ஒருத்தனுக்கும் தெரியவில்லை, சசி மைக்கில் "லெஃப்ட் ஹூக்! லெஃப்ட் ஹூக் மக்களே!" என்று குதித்தான். ரெஃபரி நெல்சனை எதிர் மூலைக்குப் போகச் சொல்லிவிட்டு டைம்கீப்பரைத் திரும்பிப் பார்த்தார், விழுந்தவனுக்கு செகண்ட் தட்ட வேண்டியது டைம்கீப்பர்தானே. கை தானாக எழுந்து கட்டையைத் தட்டியது. ஒன்று. ரெண்டு. பழக்கம், கையின் பழக்கம். முபாரக்கின் கண் திறந்திருந்தது, இவரையே பார்த்தது. அவனுக்குத் தெரியும், அவன் உடம்புக்குத் தெரியும். மூன்று. உதடு அசைந்தது, டைம் என்று சொன்னமாதிரி இருந்தது, பல்லுறை வாயில் இருக்கும்போது என்னத்தைச் சொல்ல முடியும். அருளப்பனின் கட்டை விரல் பக்கத்துப் பொத்தானுக்கு மேலே போய் நின்றிருந்தது. யார் கொண்டுபோய் வைத்தார்கள் அதை அங்கே? இவர் வைக்கவில்லை, சத்தியமாக வைக்கவில்லை. நான்கு. ஒரே ஒரு தட்டு, முள் ஓடிப்போய் பூஜ்யத்தில் நிற்கும், டைம் கரெக்ட்டுதாங்க. அப்போ பிச்சைமுத்து மாஸ்டரும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாரா? காசு வாங்கவில்லையா, சிங்காரத்துக்குச் சொந்தமில்லையா, என்மேல் ஒரு கோபமும் இல்லையா? சும்மா, ஆட்டம் நன்றாக இருந்தது என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாரா? இத்தனை வருஷம் அந்த மனுஷனை நான் திட்டின திட்டு. ஐந்து. சொன்னால் சிரிப்பார்கள். ஊரில் அடுத்தவன் மணியைக் குறை சொல்லித் திரிந்தவன் தன் மணியை மறந்தான் என்று இந்த யூடியூப் பயலே போட்டுவிடுவான், அப்போது மட்டும் என் பெயரைச் சொல்வான். ஆறு. முன்பெஞ்சில் அந்தப் பிள்ளை காதிலிருந்து கையை எடுத்துவிட்டது.

ஏழாவது தட்டு விழவில்லை. ரெஃபரி நிமிர்ந்து, "என்ன சார், எண்ணிக்கை?" என்றார். அருளப்பன் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், முழங்கால் கடகடவென்றது, சுத்தியலை எடுத்து மணியை அடித்தார். ஒரு அடி போதும், மூன்று அடித்தார். கட்டை விரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு வாட்ச்சை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தார். "ரவுண்டு முன்னாடியே முடிஞ்சு போச்சுங்க. அந்த அடி டைமுக்கு அப்புறம் விழுந்தது. அது செல்லாது. மணி அடிக்க மறந்தது நான்." ரெஃபரி குனிந்து வாட்ச்சைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மறுபடி வாட்ச்சைப் பார்த்தார். அப்புறம் முபாரக் பக்கம் போய், "எந்திரி, ரவுண்டு முடிஞ்சிது, அடி கணக்கில்ல, தலை சுத்துதா?" என்று கேட்டுக் கண்ணை இழுத்துப் பார்த்தார். சசி விடுவானா, "என்ன சார், தூங்கிட்டீங்களா?" என்றான் மைக்கில். எதிர்பார்த்த சிரிப்பு எதிர்பார்த்த இடத்திலேயே எழுந்தது. ரெஜினாவுக்கு ராத்திரிக்குள் போய்ச் சேர்ந்துவிடும். நெல்சன் எதிர் மூலையிலிருந்து ஓடி வந்து முபாரக்கின் கையைப் பிடித்துத் தூக்கி, "சாரிண்ணே, எனக்கும் தெரியல" என்றான். அவனுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. அந்த நேரத்திலும் அருளப்பன் அதைக் கவனித்தார், கவனித்து எரிச்சல்பட்டார்.

முபாரக் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தான். ரிங் டாக்டர் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார், சரியாகச் சொன்னான், ஆடலாம் என்றார். பல்லுறையை எடுத்துவிட்டு, வாயில் தண்ணீர் வாங்கிக் கொப்பளித்துத் துப்பினான். பிறகு கயிற்றுக்கு வெளியே குனிந்து இவரைப் பார்த்தான். "எனக்குத் தெரியும் மாஸ்டர். முடிஞ்சிருச்சுன்னு தெரியும். கைய இறக்கிட்டேன்." அருளப்பன் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "தெரியும்டா" என்றார், டைம்கீப்பர் பேசக் கூடாது என்பதை மறந்து. முபாரக் மகளைப் பார்த்து கையுறையைத் தூக்கி ஆட்டினான், அந்தப் பிள்ளை பெஞ்சின்மேல் ஏறி நின்று இரண்டு கையையும் ஆட்டியது. அவன் முகத்தில் ஒரு கோணல் இல்லை, ஒரு கசப்பு இல்லை. அடி பட்ட கன்னம் வீங்க ஆரம்பித்திருந்தது, அவ்வளவுதான், நாளைக்கு ஐஸ் வைத்தால் போய்விடும். இன்று ராத்திரி நன்றாகத் தூங்குவான். டீக்கடையில் யாரிடமும் ஒரு கதையும் சொல்ல வேண்டியதில்லை இவன், எத்தனை வயசானாலும். அருளப்பன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். நெல்சனின் ஷூ, லலிதாவின் மடியில் இருந்த பொன்னாடை, சிங்காரத்தின் தோள், எல்லாம் எங்கோ போய்விட்டன. சாயங்காலம் முழுக்க எரிந்தது எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது. இவனுக்காக எழுந்து நின்று சொல்ல ஒரு ஆள் இருந்தான்.

குடுத்து வெச்சவன் என்று நினைத்துக்கொண்டே பக்கத்துப் பொத்தானைத் தட்டினார், முள் பூஜ்யத்துக்குப் போனது. அப்புறம் சுத்தியலை எடுத்து மூன்றாவது ரவுண்டுக்கு மணியை அடித்தார்.